பார்க்க ஆளில்லாதவை

போரால் மூடியிருந்த ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குள் சீமெந்தும் கூரைத்தகடும் ஏற்றி வந்த லொறிகளில் பழைய கொம்பியூட்டர்களும் வந்தன. கனடாவிலும் இலண்டனிலும் குடியேறிய அரியாலைக்காரர்கள் தாங்கள் வேலை செய்த அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகளைச் சேர்த்துக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஓமந்தையிலும் முகமாலையிலும் இறக்கிச் சோதித்து, மறுபடி ஏற்றி, நாவற்குழிப் பாலம் தாண்டி, கண்டி வீதியால் எங்கள் ஊரான அரியாலைக்கு அவை வந்து சேர்ந்தன. சாக்கால் சுற்றியிருந்த பெரிய கண்ணாடித் திரைகளை வாசிகசாலைக்குப் பக்கத்து அறைக்குள் பொடியன்கள் சிரித்துக்கொண்டு தூக்கி வைத்தார்கள்.

நான் அப்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொம்பியூட்டரும் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த அறை என் பொறுப்பில் வந்தது. பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தால் பாதி 486, மீதி முதல் தலைமுறைப் பென்ரியம். கடைகளில் அப்போது விற்ற விண்டோஸ் எக்ஸ்பி இவற்றில் ஏறாது. லினக்ஸ் ஏறியது. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கைப் பேச்செல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. கையிலிருந்த இரும்பில் ஓடுகிறதே என்றுதான் முதலில் அதை எடுத்தோம்.

அந்த நாட்களில் எல்ரிஎஸ்பி என்றொரு ஏற்பாடு இருந்தது. வசதி குறைந்த பள்ளிக்கூடங்களை நினைத்து ஜிம் மக்குவில்லன் என்பவரும் கூட்டாளிகளும் 1999இல் தொடங்கியது போலவே எனக்குத் தோன்றும்; அவ்வளவுக்கு அது எங்களுக்குப் பொருந்தியது. கொஞ்சம் பலமான ஒரு கணினியை நடுவில் வைத்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு ஹாட் டிஸ்க் தேவையில்லை. ஒரு பிளொப்பியைச் செருகி ஒவ்வொன்றையும் உயிர்ப்பித்தால், அது வலைக்கார்ட் வழியாக நடுக் கணினியிடம் லினக்ஸின் மையமான கேர்னலை வாங்கிக்கொண்டு எழும்பும். வேலை முழுவதையும் நடுக் கணினி செய்யும். பிள்ளையின் முன்னாலிருக்கும் 486 திரையைக் காட்டி விசைப்பலகையை வாசிப்பதோடு சரி. பக்கத்து மணியந்தோட்டத்திலிருந்தும் பூம்புகாரிலிருந்தும் சைக்கிளில் வந்த பிள்ளைகள் அப்படித்தான் முதன்முதல் கொம்பியூட்டரைத் தொட்டார்கள்.

அந்தப் பெட்டிகளில் இருந்தவை 3கொம் நிறுவனத்தின் 3சி509 கார்ட்களும், நொவெல் வகுத்த என்இ2000 அமைப்பைப் பார்த்துத் தாய்வானில் செய்த மலிவுக் கார்ட்களும். லினக்ஸில் அவற்றை இயக்கும் ட்ரைவர் நிரலைத் திறந்து பார்த்தபோது தலைப்பில் டொனால்ட் பெக்கர் என்ற பெயர் இருந்தது. அமெரிக்காவில் நாசாவின் கொடார்ட் விண்வெளி மையத்தில், மலிவுக் கணினிகளைக் கோத்துப் பெரிய கணிப்பொறியாக்கும் முயற்சியில் இருந்தவர் அவர். அவர் எழுதிய நிரல் அரியாலையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஓடியது. முகம் தெரியாத ஒருவருடைய உழைப்பில் எங்கள் அறை இயங்குகிறது என்ற உணர்வு அன்றைக்கு வந்தது. இன்று வரைக்கும் போகவில்லை.

2006 ஓகஸ்ட் 11இல் ஏ-9 மறுபடி மூடப்பட்டது. அதற்குப் பிறகு குடாநாட்டுக்குள் உதிரிப்பாகம் என்று ஒன்றும் வரவில்லை. ஈரக் காற்று பிளொப்பிகளில் பூஞ்சணம் பிடிக்க வைத்தது. ஊரில் றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் மின்வழங்கிகளைக் கழற்றி, வீங்கிப்போன கொண்டென்சர்களை எடுத்துவிட்டு, செத்த ரீவிகளிலிருந்து எடுத்ததை வைத்து ஈயம் பற்றவைத்துத் தருவார். "தம்பி, சாமான் பழசெண்டு ஒண்டும் சாகாது. பாக்கிறதுக்கு ஆளில்லாட்டித்தான் சாகும்" என்பார். ஊரடங்கு நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்திலும் அவர் வேலையை அரைகுறையாக விட்டதில்லை.

போர் முடிந்தது. வீதி திறந்தது. புதிய மடிகணினிகள் வந்தன. பழைய வரிசையில் ஓடக்கூடியவற்றைக் கழித்துவிடாமல் வைத்திருந்தேன். 2012 டிசம்பரில், என்னிடம் படித்துக் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பொடியன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் கோபம்.

"சேர், லினக்ஸிலயிருந்து 386ஐத் தூக்கிட்டாங்கள். நாளைக்கு எங்கட 486ஐயும் தூக்குவாங்கள்."

அவன் கோபம் எனக்கு விளங்கியது. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது ஒரு 386 கணினியில்தான். அந்த ஆண்டு அரியாலையில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய்த் திரி எரிந்துகொண்டிருந்தது. அப்படிப் பிந்தித் தொடங்கிய எங்களைப் பழைய இரும்போடு சேர்த்துத் தூக்கிவந்த அமைப்பு, தான் பிறந்த இரும்பையே கழற்றி விடுகிறதா என்பது அவன் கேள்வி. நான் அன்றிரவு அந்த மாற்றத்தையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் வாசித்தேன்.

மாற்றத்தை லினஸிடம் அனுப்பியவர் இங்கோ மோல்னார். காரணம் தொழில்நுட்பமானது. பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிரும்போது, ஓரிடத்தின் மதிப்பை ஒப்பிட்டு, பொருந்தினால் மாற்று என்பதை இடையூறில்லாமல் ஒரே வீச்சில் செய்யும் கட்டளை வேண்டும். 486இல் அது உண்டு, 386இல் இல்லை. எழுதக்கூடாது என்று பூட்டிவைத்த நினைவகப் பக்கத்தில் கேர்னலே எழுதப்போனால் 386 அதைத் தடுக்காது, 486 தடுக்கும். இந்தக் குறைகளைச் சுற்றிப் போக கேர்னலில் ஆங்காங்கே தனி வழிகள் எழுதப்பட்டிருந்தன. அடிப்படைப் பகுதிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வழிகளையும் யோசித்து யோசித்து மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதைச் சோதிக்கவோ 386 வைத்திருந்தவர் அரிது. இன்ரெல் நிறுவனம் அதன் உற்பத்தியை 2007இலேயே நிறுத்திவிட்டது. லினஸின் முதற் கணினியே இனிப் புதிய லினக்ஸில் எழும்பாது என்பதை மோல்னார் வருத்தத்தோடு குறிப்பிட்டிருந்தார். லினஸ் அந்த மாற்றத்தைத் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

நான் அதில் ஊன்றிப் பார்த்தது அகற்றிய முறையை. அகற்றப்படுவது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. 1995 ஒக்ரோபர் 30 மாலை, ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஓரிரவில் வெளியேற்றப்பட்டன. இலட்சக்கணக்கானோர் மழைக்குள் எங்கள் ஊர்க் கண்டி வீதியை நிறைத்துக்கொண்டு செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. யோசிக்க அவகாசம் கொடுக்கவில்லை. எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்பதற்குப் பதிலில்லை. அடுத்த ஆண்டு வந்து பார்த்தபோது எது எங்கே இருந்தது என்பதற்குப் பதிவும் இல்லை. நிரலை நீக்குவதை மனிதரை வெளியேற்றுவதோடு நான் ஒப்பிடமாட்டேன். இரண்டும் ஒரு தராசில் நிற்பவை அல்ல. ஆனால் அந்த இரவைக் கண்டவனுக்கு, எதையும் அகற்றும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மனதில் தானாக எழும். கேட்டார்களா? காரணம் சொன்னார்களா? அவகாசம் கொடுத்தார்களா? திரும்பி வர வழி வைத்தார்களா?

லினக்ஸ் கேர்னலில் இந்த நான்குக்கும் ஆம் என்ற பதில் இருக்கிறது. நிரலோடு கூடவே ஒரு பெரிய பட்டியல் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் யார், அவர் எந்த அளவுக்குக் கவனிக்கிறார் என்பது அதில் எழுதியிருக்கும். சம்பளத்துக்குப் பார்க்கிறவர், விருப்பத்தோடு பார்க்கிறவர், எப்போதாவது கை வைக்கிறவர் என்று நிலைகள் உண்டு. ஆளே இல்லாவிட்டால் அநாதை என்று குறிப்பார்கள். ஒன்றை நீக்க விரும்புகிறவர் அதற்கான மாற்றத்தை எல்லோரும் பார்க்க முன்வைத்து, இதைப் பாவிக்கிறவர்கள் இருக்கிறீர்களா என்று கேட்பார். பதில் வந்தால் பேச்சு தொடரும். நீக்கினாலும் பழைய வடிவங்கள் அத்தனையும் களஞ்சியத்தில் இருக்கும். பராமரிக்கிறேன் என்று பின்னொரு நாள் ஒருவர் வந்தால் அங்கிருந்து எடுத்துத் திரும்பச் சேர்க்கலாம்.

அப்படியே விட்டுவைத்தால் என்ன, யாருக்கு நட்டம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1991இல் சுமார் 10 ஆயிரம் வரியாக இருந்த லினக்ஸ் இன்று 4 கோடி வரி. உள்ளே ஓர் இணைப்பு முறை மாறினால் அதைத் தொட்டு நிற்கும் ட்ரைவர் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். இரும்பைக் கண்ணால் காணாதவர், ஓட்டிப் பார்க்க வழியில்லாமல், ஊகத்தில் மாற்றுவார். பத்தாண்டு இப்படி மாறிய ட்ரைவர் பெயருக்கு இருக்கும். நம்பிச் செருகினால் ஓடாது. இருக்கிறது என்று காட்டிவிட்டு இல்லாமல் இருப்பது, இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமை. ஒருவரும் பார்க்காத நிரலில் பாதுகாப்பு ஓட்டையும் ஒளிந்திருக்கும். 2015இல் வெனம் என்று பெயரிட்ட ஓட்டை ஒன்று கியூஇஎம்யு என்ற மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்டது. மெய்நிகர்க் கணினிகளுக்குப் பிளொப்பி இயக்கியைப் போல நடித்துக் காட்டும் பகுதியில் அது 2004 முதல் கிடந்திருக்கிறது. பிளொப்பியைக் கனவிலும் பாவிக்காத சேர்வர்கள் அந்தப் பிளொப்பி நிரலால் ஆபத்தில் இருந்தன.

2013 தொடக்கத்தில் போல் கோர்ட்மேக்கர் பழைய ஐஎஸ்ஏ வலைக்கார்ட்களுக்கான ட்ரைவர்களை வரிசையாக நீக்கினார். 3சி501, 3சி505, 3சி507 எல்லாம் போயின. 3சி509உம் என்இ2000உம் தங்கின. அவை பரவலாக விற்றவை, அப்போதும் பாவனையில் இருக்கக்கூடியவை. எங்கள் கார்ட்கள் தப்பின என்று நான் சந்தோஷப்பட்ட அதே நேரம் ஒரு யோசனையும் வந்தது. எங்களைப் போன்றவர்கள் இருப்பது அங்கே எப்படித் தெரியும்? டெபியன் இயங்குதளத்தில் எந்தப் பொதிகள் பாவிக்கப்படுகின்றன என்று எண்ணும் ஒரு வசதி உண்டு. விரும்பி இயக்கினால், இணையம் வழியாகத் தகவல் போகும். இணையம் இல்லாத அறையில் ஓடிய எங்கள் வரிசை அந்தக் கணக்கில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏழை ஊர்களின் பழைய இரும்பு உலகத்தின் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆனால் கணக்கில் ஏற ஒரு வழி இருக்கிறது என்பதை அடுத்தடுத்த ஆண்டுகள் காட்டின. 2018இல் லினக்ஸ் 4.17 பதிப்பில் ஆர்ண்ட் பெர்க்மான் எட்டுச் செயலிக் குடும்பங்களை ஒன்றாக நீக்கினார். பிளாக்ஃபின், கிரிஸ், டைல் போன்றவை. போன நிரல் ஏறத்தாழ 5 இலட்சம் வரி. அவற்றைச் செய்த நிறுவனங்களே ஏஆர்எம் போன்ற வேறு செயலிகளின் பக்கம் போய்விட்டிருந்தன. கவனிக்க மிஞ்சியவர் இல்லை. இன்ரெலும் ஹெச்பியும் பெரும்பணம் கொட்டி 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்த இற்றேனியத்தின் கதியும் அதுதான். 2021இல் அதன் விநியோகம் நின்றது, கேர்னலில் அநாதையானது, 2023 நவம்பரில் ஆர்ட் பீஷெவெல் அதை நீக்க, 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் அது இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், 1979இல் வந்த மொட்டரோலா 68000 செயலியின் குடும்பம் லினக்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அமிகா, அட்டாரி, பழைய மக்கின்ரொஷ் கணினிகளில் இருந்தது அது. இற்றேனியத்தைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தது. அதைக் கேர்ட் யூட்டர்ஹூவன் என்ற பெல்ஜியக்காரர் ஆண்டாண்டாகப் பராமரிக்கிறார். கூட ஒரு சிறு வட்டம் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்கிறது. பணமும் வயதும் தீர்மானிக்காததை அந்தச் சிலர் தீர்மானித்தார்கள்.

பிளொப்பிக்கும் அப்படித்தான் நடந்தது. வேலை செய்யும் பிளொப்பி இயக்கி தன்னிடம் இல்லை என்று அதன் பராமரிப்பாளர் யிரி கொசினா சொல்ல, 2019 ஜூலையில் லினஸ் அந்த ட்ரைவரை அநாதை என்று குறித்தார். சில மாதத்துக்குள் டெனிஸ் எஃப்ரெமொவ் என்பவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் ஞாபகம் வந்தன. அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் இங்கிலாந்தில் கைவிட்டுப் பல தசாப்தங்களுக்குப் பிறகும் எங்கள் றோட்டில் அவை ஓடியது, கராச்சில் ஒருவர் காது வைத்துக் கேட்டு, இல்லாத பாகத்தைக் கடைந்து போட்டதால். அந்த மெக்கானிக் கண்ணை மூடினால், தொழில் பழகிய மகனோ மருமகனோ இல்லாத இடத்தில், கார் வளவுக்குள் நின்றுவிடும்.

எங்கள் அறையில் எழுத்துப் பழகிய ஒரு பிள்ளை கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கப் போனாள். விடுமுறைக்கு வந்தவள், பழைய வரிசையிலிருந்து ஒரு பென்ரியத்தை எடுத்துத் துடைத்து, தன் மடிகணினியில் கட்டிய புதிய கேர்னலை அதில் ஏற்றினாள். எழும்பியது, ஒரு சாதனம் மட்டும் வேலை செய்யவில்லை. பழைய பதிப்பில் அதே சாதனம் நன்றாக ஓடியது.

"சேர், நடுவில எங்கயோ உடைஞ்சிருக்கு. தேடிப் பாப்பமே?" என்றாள்.

தேடும் முறை கணிதம் படித்தவருக்குப் பிடிக்கும். ஓடிய பதிப்புக்கும் ஓடாத பதிப்புக்கும் இடையில் 4096 மாற்றங்கள் என்றால் சரிநடுவிலிருப்பதைக் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் பிழை பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 12 படியில் குற்றவாளி அகப்படும். பழைய பெட்டி ஒவ்வொரு முறையும் மெல்ல மெல்லத்தான் எழும்பியது. வெயில் ஏறியதும் கறண்ட் போய் வந்ததும் அவளை அசைக்கவில்லை. கடைசியில் ஒரு மாற்றம் அகப்பட்டது. பல ட்ரைவர்களை ஒரே மாதிரித் துப்புரவாக்க எழுதிய நல்ல நோக்கமுள்ள மாற்றம். எழுதியவரிடம் இந்த இரும்பு இருந்திருக்காது. அவள் நிலைமையை அளவான வார்த்தைகளில் எழுதிப் பராமரிப்பாளருக்கு அனுப்பினாள். அவர் நன்றி சொல்லி ஒரு திருத்தம் அனுப்பினார். அதைப் போட்டாள், சாதனம் வேலை செய்தது. இன்னும் இதைப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது நல்லது என்று அவர் எழுதியிருந்த வரியை அவள் இரண்டாம் முறை எனக்கு வாசித்துக் காட்டினாள். அரியாலை அன்றைக்குக் கணக்கில் ஏறியது.

2025 ஏப்ரலில் மோல்னார் 486 ஆதரவையும் நீக்கும் முன்மொழிவை வைத்தார். நீங்க வேண்டிய நிரல் 14 ஆயிரம் வரிக்கு மேல். அதற்குள் பில் மெட்சென்தன் என்ற ஆஸ்திரேலியர் எழுதிய ஒரு பகுதி இருக்கிறது. 486 எஸ்எக்ஸ் சில்லில் தசமக் கணக்குகளுக்கான தனி அலகு இல்லை. அந்த அலகின் வேலையை முழுவதும் மென்பொருளிலேயே செய்து கொடுக்கும் அற்புதமான எழுத்து அது. எங்கள் பெட்டிகளில் சில எஸ்எக்ஸ். அந்த நிரல் இல்லாமல் அவற்றில் ஒன்றும் ஓடியிருக்காது. அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் பிசிக்களுக்கான கேர்னலையும் நிறுவியையும் கைவிட்டது. கொழும்புப் பொடியன் மறுபடி கூப்பிட்டான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. குரலில் கோபம் இல்லை. "இதைப் பாக்க எங்களிட்ட ஆரும் இருக்கினமோ, சேர்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி.

486க்கு நாங்கள் ஆள் கொடுக்கவில்லை; அது தேவையும் இல்லை. எங்கள் பிள்ளைகளிடம் இப்போது அதைவிட நல்ல இரும்பு இருக்கிறது. 486 அறிந்த பழைய கேர்னல்கள் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்தில் தொடுக்காமல் அந்தப் பெட்டியை அவற்றால் ஓட்டலாம். அடுத்து வரப்போகும் நீக்கங்கள்தான் எனக்குக் கவலை. இன்றைக்கு வாசிகசாலைகளிலும் வன்னிப் பள்ளிக்கூடங்களிலும் இருக்கும் இரண்டாங்கை மடிகணினிகளும் பிறின்ரர்களும் இன்னும் பத்தாண்டில் அந்தப் பட்டியலின் அநாதைப் பக்கத்துக்கு வரும். பணக்கார நாடுகளில் அவற்றைக் கழித்து முடித்திருப்பார்கள். ஓட்டிக்கொண்டிருப்பது நாங்களாகவே இருப்போம்.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் வீட்டில், பள்ளியில் ஓடும் பழைய சாதனம் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதன் ட்ரைவர் எது, பராமரிப்பாளர் யார் என்று பாருங்கள். புதிய கேர்னல் வரும்போது ஏற்றி ஓட்டுங்கள். உடைந்தால் எங்கே உடைந்தது என்று தேடி எழுதுங்கள். ஓடினால் ஓடுகிறது என்றும் எழுதுங்கள். நீக்கலாமா என்று கேட்கிறவர் எதிரி இல்லை. அவர் கேட்கிறார், அதுவே பெரிய மரியாதை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நம் பங்கு. பதில் சொல்ல ஒருவர் இருக்கும் வரைக்கும் 1979ஆம் ஆண்டுச் சில்லும் ஓடும்.